காட்டு வழி வண்டி நகரத்துக்கு வந்த கதை

உராய்வு விசையைப் பற்றி வகுப்பில் பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது ஒரு மாணவன் எழுந்து, “ஐயா, நான்கு சக்கரங்களுக்கும் எஞ்சினின் விசை செல்லும் வண்டி மற்ற வண்டிகளைவிடச் சீக்கிரம் நிற்குமல்லவா?” என்று கேட்டான். வகுப்பில் பாதிப் பேர் “ஆம்” என்று தலையசைத்தார்கள். நான் உடனே விடை சொல்லவில்லை. வட அமெரிக்காவில் பனிக்காலத்தில் இதே நம்பிக்கையோடு வண்டி ஓட்டிச் சாலையோரப் பள்ளத்தில் இறங்கியவர்கள் ஏராளம். ஆகவே இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் சுற்றி வளைத்துத்தான் விடை காண வேண்டும். முதலில் அந்த வண்டி எப்படிப் பிறந்தது என்று பார்ப்போம்.

1940ஆம் ஆண்டு. ஐரோப்பாவில் இரண்டாம் உலகப்போர் நடந்துகொண்டிருந்தது. அமெரிக்கத் தரைப்படை, சாலையே இல்லாத இடத்திலும் ஓடக்கூடிய சிறிய உளவு வண்டி ஒன்று வேண்டும் என்று மோட்டார் தொழிற்சாலைகளுக்கு எழுதியது. முதல் மாதிரி வண்டியை 49 நாட்களில் கொடுக்க வேண்டும் என்பது நிபந்தனை. பெரிய தொழிற்சாலைகள் தயங்கின. பென்சில்வேனியா மாநிலத்தில் பட்லர் என்னும் ஊரில் நொடித்துப்போகும் நிலையில் இருந்த பாண்ட்டம் என்ற சிறு நிறுவனம் துணிந்து இறங்கியது. கார்ல் புரோப்ஸ்ட் என்ற பொறியாளர் இரண்டே நாட்களில் வரைபடம் போட்டுக் கொடுத்தார். செப்டம்பர் 23ஆம் தேதி, கெடு முடியச் சுமார் அரை மணி நேரம் இருக்கும்போது, மாதிரி வண்டி படை முகாமின் வாயிலில் வந்து நின்றது. ஆனால் பாண்ட்டத்தால் பெருமளவில் உற்பத்தி செய்ய முடியவில்லை. வேலையின் பெரும்பகுதி வில்லிஸ், ஃபோர்டு என்ற இரு நிறுவனங்களுக்குப் போயிற்று. போர் முடிவதற்குள் 6 இலட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகள் உருவாயின. அதுதான் ஜீப்.

ஜீப்பின் எஞ்சின் 60 குதிரைத்திறன் கொண்டது. பெரிய எஞ்சின் அல்ல. அப்படியானால் சேற்றிலும் மேட்டிலும் ஏறும் ஆற்றல் அதற்கு எங்கிருந்து வந்தது? பற்சக்கரங்களில் இருந்துதான். வழக்கமான கியர்ப் பெட்டியோடு, வேகத்தைக் குறைத்துத் திருப்பு விசையைக் கூட்டும் மற்றொரு பற்சக்கரப் பெட்டியும் அதில் இருந்தது. முதல் கியரில் 2.665 மடங்கு, இரண்டாவது பெட்டியில் 1.97 மடங்கு, அச்சில் 4.88 மடங்கு. மூன்றையும் பெருக்கினால் ஏறத்தாழ 25.6 வரும். அதாவது எஞ்சின் 25 சுற்றுக்கு மேல் சுழன்றால்தான் சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றும். வேகத்தைக் கொடுத்து விசையை வாங்கும் வாணிபம் இது. எஞ்சினின் திருப்புத்திறன் சுமார் 142 நியூட்டன் மீட்டர். அதை 25.6ஆல் பெருக்கி, சக்கரத்தின் ஆரமான 0.36 மீட்டரால் வகுத்துப் பாருங்கள். வழியில் ஏற்படும் இழப்புகளைக் கணக்கில் கொள்ளாவிட்டால், ஏறக்குறைய 10,000 நியூட்டன் விசை வரும். ஜீப்பின் எடையும் கிட்டத்தட்ட அவ்வளவுதான்! தன் எடைக்குச் சமமான விசையால் தன்னையே தள்ளக்கூடிய வண்டி என்று சொல்லலாம்.

ஆனால் விசை இருந்தால் போதுமா? டயர் தரையைப் பற்றிக்கொள்ள வேண்டாமா? ஈரச் சேற்றில் உராய்வுக் கெழு 0.3 என்று வைத்துக்கொள்வோம். டயர் தரையைத் தள்ளக்கூடிய மிகுதியான விசை, அந்த டயர் தாங்கும் எடையில் 0.3 பங்கு. வண்டியின் எடை முன்னும் பின்னும் சமமாகப் பிரிந்திருக்க, எஞ்சினின் விசை பின்சக்கரங்களுக்கு மட்டும் சென்றால், பாதி எடைதான் பயன்படுகிறது. சுமார் 8 பாகை சரிவுக்கு மேல் அந்த வண்டி ஏறாது. சக்கரம் நின்ற இடத்திலேயே சுழன்று சேற்றை வாரி இறைக்கும். நான்கு சக்கரங்களுக்கும் விசை சென்றால் முழு எடையும் பயன்படும். அப்போது சுமார் 16 பாகை சரிவு வரை ஏறலாம். நான்கு சக்கர இழுவையின் இரகசியம் முழுவதும் இவ்வளவே. வண்டி நகர்வதற்கு அது இரு மடங்கு பிடிப்பைத் தருகிறது. “நகர்வதற்கு” என்ற சொல்லை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

போருக்குப் பிறகு ஜீப் வயலுக்கு வந்தது. 1945இல் வில்லிஸ் நிறுவனம் பொதுமக்களுக்கான ஜீப்பை உழவர்களுக்கென்றே விளம்பரம் செய்து விற்றது. இங்கிலாந்தில் ரோவர் கார் நிறுவனத்தின் தலைமைப் பொறியாளர் மாரிஸ் வில்க்ஸ், வேல்ஸ் பகுதியில் உள்ள தம் பண்ணையில் போரில் மிஞ்சிய பழைய ஜீப் ஒன்றை வைத்திருந்தார். அது தேய்ந்துபோனால் வேறு எதை வாங்குவது என்ற கவலையில் பிறந்ததுதான் லேண்ட் ரோவர். 1948 ஏப்ரலில் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் அது வெளிவந்தது. போருக்குப் பின் எஃகுக்குத் தட்டுப்பாடு இருந்ததால் அதன் மேல்பகுதியை அலுமினியக் கலவையால் செய்தார்கள். நம் நாட்டில் மகிந்திரா நிறுவனம் வில்லிஸ் ஜீப்பை 1940களின் இறுதியில் இங்கே பூட்டி விற்கத் தொடங்கியது. அணைக்கட்டு வேலைகளிலும் வனத்துறையிலும் மலைத் தோட்டங்களிலும் ஓடிய ஜீப்புகளை உங்கள் தாத்தாக்களிடம் கேட்டால் கதை கதையாகச் சொல்வார்கள். அந்த வண்டியில் போய் வந்தவர் யாரும் அதைச் சுகமான வண்டி என்று சொல்லி நான் கேட்டதில்லை. இடுப்பைப் பிடித்துக்கொண்டுதான் இறங்குவார்கள்.

அப்படிப்பட்ட முரட்டு வண்டி எப்படி அந்தஸ்தின் அடையாளமாயிற்று? இங்கேதான் கதை சுவையாகிறது.

1970இல் ரோவர் நிறுவனம் ரேஞ்ச் ரோவர் என்ற வண்டியை வெளியிட்டது. சுருள் வில்கள், 3.5 லிட்டர் எஞ்சின், எப்போதும் நான்கு சக்கர இழுவை. பண்ணையாரின் வயலிலும் ஓட வேண்டும், நெடுஞ்சாலையிலும் விரைவாகச் செல்ல வேண்டும் என்பதே நோக்கம். தொடக்கத்தில் அதன் இருக்கைகள் பிளாஸ்டிக் உறையிட்டவை. உட்புறத்தைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவலாம். சேற்றுக்காலோடு ஏறுபவருக்காகச் செய்த வண்டியல்லவா! ஆனால் அதன் வடிவத்தின் அழகைப் பாராட்டிப் பாரிசின் லூவர் அருங்காட்சியகத்திலேயே ஒரு முறை காட்சிக்கு வைத்தார்கள். நாளடைவில் கம்பளம் வந்தது, தோல் இருக்கை வந்தது, 1981இல் நான்கு கதவு வந்தது. விலையும் ஏறியது. லண்டனில் செல்வர்கள் வாழும் செல்சீ பகுதியில் குழந்தைகளைப் பள்ளியில் விடுவதற்கு இந்த வண்டிகள் வரிசையாக நிற்பதைக் கண்டு ஊரார் ‘செல்சீ டிராக்டர்’ என்று கேலிப்பெயர் வைத்தனர். வண்டியை வடிவமைத்த ஸ்பென் கிங் என்பவரே தம் முதிய வயதில், 2004இல், பள்ளிக்குப் பிள்ளைகளைக் கொண்டுபோய் விட இதைப் பயன்படுத்துவது மடமை என்று வெளிப்படையாகக் கூறினார். தான் பெற்ற பிள்ளையைத் தானே கடிந்துகொண்டது போல!

அமெரிக்காவில் நடந்ததற்கு வேறொரு காரணமும் உண்டு: சட்டம். 1973இல் அரபு நாடுகள் எண்ணெய் விற்பனையை நிறுத்தியதும் பெட்ரோல் தட்டுப்பாடு வந்தது. 1975இல் கார்களின் எரிபொருள் சிக்கனத்துக்குச் சட்டம் செய்தார்கள். பயணிகள் கார்கள் சராசரியாகக் காலனுக்கு 27.5 மைல், அதாவது லிட்டருக்குச் சுமார் 11.7 கி.மீ. ஓட வேண்டும் என்பது 1985க்கான இலக்கு. ஆனால் உழவர்களும் தொழிலாளரும் பயன்படுத்தும் சிறு சுமை வண்டிகளுக்கு இவ்வளவு கடுமை வேண்டாம் என்று தனி வகுப்பு ஒன்றை ஏற்படுத்தினர். 1990களின் பிற்பாதியில் அந்த வகுப்புக்குக் காலனுக்கு 20.7 மைல் போதும். அதாவது லிட்டருக்கு 8.8 கி.மீ. காட்டு வழியில் ஓடக்கூடிய வண்டிகளும் இந்த வகுப்பிலேயே சேர்ந்தன. சுமை வண்டியின் அடிச்சட்டத்தை எடுத்து, மேலே இருக்கைகளும் கண்ணாடியும் பொருத்தினால் சட்டத்தின் கண்ணுக்கு அது கார் அல்ல. செய்வதற்கு ஆகும் செலவு குறைவு. விற்கும் விலையோ அதிகம். தொழிற்சாலைகளுக்கு வேறென்ன வேண்டும்?

1983இல் வந்த ஜீப் செரோக்கி, 1990இல் வந்த ஃபோர்டு எக்ஸ்புளோரர் ஆகியவை நடுத்தரக் குடும்பங்களின் முற்றத்துக்கே வந்துவிட்டன. விளம்பரப் படங்களில் வண்டி எப்போதும் ஒரு மலையுச்சியில் தன்னந்தனியாக நிற்கும். பெயர்களைக் கவனியுங்கள்: ‘புது நிலம் தேடுவோன்’, ‘வழி காண்போன்’ என்றெல்லாம் பொருள்படும் பெயர்கள். வாங்கியவர்களில் மிகப் பெரும்பாலோர் கடைத்தெருவுக்கும் அலுவலகத்துக்கும்தான் வழி கண்டார்கள். 200 மீட்டர் ஆழத்திலும் நீர் புகாத கைக்கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு, குளத்தில்கூட இறங்காதவர்களை நாம் பார்த்ததில்லையா? பயன்படுத்தாத ஆற்றலை வைத்திருப்பதே ஒரு பெருமை. 1899இலேயே தார்ஸ்டைன் வெப்லன் என்ற அமெரிக்க அறிஞர், பிறர் காண்பதற்காகச் செலவு செய்யும் இந்தப் பழக்கத்தை ஆராய்ந்து எழுதியிருக்கிறார். 

இதன் உச்சி ஹம்மர். 1983இல் அமெரிக்கப் படைக்கென ஒப்பந்தம் செய்யப்பட்ட அகன்ற வண்டி இது. 1991 வளைகுடாப் போரைத் தொலைக்காட்சியில் பார்த்தவர்கள் இதையும் பார்த்தனர். நடிகர் ஆர்னால்டு சுவார்ஸ்நேகர் தமக்கு ஒன்று வேண்டும் என்று வற்புறுத்த, 1992 முதல் பொதுமக்களுக்கும் விற்றார்கள். 2002இல் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் ‘ஹம்மர் 2’ என்பதை வெளியிட்டது. அதன் எடை சுமார் 2,900 கிலோகிராம். போர் வண்டியின் தோற்றம் மட்டுமே அதற்கு. உள்ளே இருந்தது அந்த நிறுவனத்தின் சுமை வண்டியின் உறுப்புகள்தான். 2008இல் பெட்ரோல் விலை காலனுக்கு 4 டாலரைத் தாண்டியது. 2010இல் ஹம்மர் விற்பனையை மூடிவிட்டார்கள்.

இனி இயற்பியலுக்கு வருவோம். உயரமான, கனமான வண்டிதான் குடும்பத்துக்குப் பாதுகாப்பு என்று பலர் நம்பினார்கள். இன்றும் நம்புகிறார்கள். இதில் எவ்வளவு உண்மை?

வண்டி ஒரு வளைவில் திரும்பும்போது தரை அதை உட்பக்கம் தள்ளுகிறது. இந்த விசை டயரின் அடியில், அதாவது தரைமட்டத்தில் செயல்படுகிறது. ஈர்ப்பு மையமோ அதற்கு மேலே இருக்கிறது. ஆகவே வண்டியை வெளிப்பக்கம் கவிழ்க்க முயலும் ஒரு திருப்புத்திறன் உண்டாகிறது. ஈர்ப்பு மையம் உயர உயர இது மிகும். கவிழாமல் காப்பது வண்டியின் எடை. இதன் நெம்புகோல் தூரம் இரு பக்கச் சக்கரங்களுக்கு இடையேயுள்ள அகலத்தில் பாதி. ஆகவே பாதி அகலத்தை ஈர்ப்பு மைய உயரத்தால் வகுத்தால் வண்டியின் நிலைப்புத் தன்மைக்கு ஓர் எண் கிடைக்கும். அகலம் 1.5 மீட்டர், உயரம் 0.52 மீட்டர் உள்ள சாதாரணக் காருக்கு 0.75ஐ 0.52ஆல் வகுக்க 1.44 வரும். அதே அகலமும் 0.70 மீட்டர் உயரமும் உள்ள காட்டு வழி வண்டிக்கு 1.07 மட்டுமே.

“உலர்ந்த சாலையில் உராய்வுக் கெழு 0.8 தானே? 1.07ஐ எட்டுவதற்குள் டயர் வழுக்கிவிடுமே, வண்டி எப்படிக் கவிழும்?” என்று கேட்பவர்களுக்கு முழு மதிப்பெண். சமதளமான சாலையில் பெரும்பாலும் வழுக்கத்தான் செய்யும். ஆனால் பக்கவாட்டில் வழுக்கும் வண்டி சாலையோரக் கல்லில் இடித்தாலோ, டயர் மென்மையான மண்ணில் புதைந்தாலோ உராய்வுக் கணக்கு செல்லாது. கால் தடுக்கி விழுபவர் போல வண்டி தடுக்கி விழுகிறது. பெரும்பாலான கவிழ்வுகள் இப்படித் தடுக்கி விழுபவையே. போதாக்குறைக்கு, கூரைமேல் மூட்டைகளை ஏற்றினால் ஈர்ப்பு மையம் மேலும் உயரும்.

இது வெறும் ஏட்டுக் கணக்காக இருந்துவிடவில்லை. 2000ஆம் ஆண்டு ஆகஸ்டில் ஃபயர்ஸ்டோன் நிறுவனம் 65 இலட்சம் டயர்களைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தது. அவற்றில் பெரும்பாலானவை ஃபோர்டு எக்ஸ்புளோரர் வண்டிகளில் பூட்டப்பட்டவை. வேகமாக ஓடும்போது டயரின் மேல்பட்டை உரிந்துவிடும், வண்டி கட்டுப்பாடிழந்து குறுக்கே திரும்பும், கவிழும். அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்புத் துறை இந்த டயர்களோடு தொடர்புடையவை எனக் கணக்கிட்ட சாவுகள் 271. ஃபோர்டு டயரைக் குறை சொன்னது. டயர் நிறுவனம் வண்டியைக் குறை சொன்னது. இதில் காற்றழுத்தமும் ஒரு வாதப் பொருளாயிற்று. ஃபோர்டு பரிந்துரைத்தது சதுர அங்குலத்துக்கு 26 பவுண்டு. அழுத்தம் குறைந்தால் டயர் அதிகமாக மடங்கி நிமிரும், அதனால் சூடேறும், சூட்டில் ரப்பரின் ஒட்டு வலுவிழக்கும். இதற்குப் பிறகே மேலே சொன்ன நிலைப்பு எண்ணை அடிப்படையாகக் கொண்டு ஒவ்வொரு வண்டிக்கும் கவிழ்வு மதிப்பீட்டை அமெரிக்க அரசு வெளியிடத் தொடங்கியது. வழுக்கலை உணர்ந்து தனித்தனிச் சக்கரத்துக்குப் பிரேக் போடும் மின்னணுக் கருவியும் பின்னர், 2012 மாதிரி வண்டிகளிலிருந்து, கட்டாயமாக்கப்பட்டது. இன்றைய உயர வண்டிகள் அன்றையவற்றைவிட மிகக் குறைவாகவே கவிழ்கின்றன என்பதையும் சொல்லியாக வேண்டும்.

மோதலைப் பற்றி என்ன? 2,700 கிலோகிராம் வண்டியும் 1,100 கிலோகிராம் காரும் மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் நேருக்கு நேர் மோதி ஒட்டிக்கொள்வதாக வைத்துக்கொள்வோம். உந்த அழிவின்மை விதிப்படி, மோதலுக்குப் பின் இரண்டும் சேர்ந்து பெரிய வண்டி சென்ற திசையில் சுமார் 21 கி.மீ. வேகத்தில் நகரும். பெரிய வண்டியில் இருப்பவரின் வேகம் 29 கி.மீ. மாறுகிறது. சிறிய காரில் இருப்பவருக்கோ 71 கி.மீ. மாற்றம், ஏனெனில் அவர் எதிர்த்திசையில் தள்ளப்படுகிறார். பெரிய வண்டியில் இருப்பவருக்குப் பாதுகாப்புக் கிடைத்தது உண்மைதான். ஆனால் அது எங்கிருந்து வந்தது பார்த்தீர்களா? எதிரில் வந்த குடும்பத்திடமிருந்து.

இப்போது மாணவனின் கேள்விக்கு வருவோம். எல்லாக் கார்களிலும் பிரேக் நான்கு சக்கரங்களிலும் உண்டு. எஞ்சினின் விசை இரு சக்கரங்களுக்குச் செல்கிறதா, நான்குக்கும் செல்கிறதா என்பது நிற்பதற்கு எவ்வகையிலும் உதவாது. நிற்கும் தூரம் வேகத்தின் வர்க்கத்தையும் உராய்வுக் கெழுவையும் பொறுத்தது; நிறை சமன்பாட்டின் இரு பக்கமும் வந்து அடிபட்டுப் போகிறது. மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் செல்லும் வண்டி, கெழு 0.8 உள்ள உலர்ந்த சாலையில் சுமார் 31 மீட்டரில் நிற்கும், கெழு 0.2 உள்ள இறுகிய பனியில் 126 மீட்டர் ஓடித்தான் நிற்கும். நான்கு சக்கர இழுவையில் ஓர் ஆபத்து என்னவென்றால், பனியில் வண்டி எளிதாகக் கிளம்பி விரைவெடுப்பதால் சாலை வழுக்குகிறது என்ற செய்தியே ஓட்டுபவருக்கு எட்டுவதில்லை. பிரேக்கை மிதிக்கும்போதுதான் தெரிகிறது.

அப்படியானால் பனியும் மேடும் உள்ள நாட்டில் நான்கு குழந்தைகளோடு வாழும் குடும்பம் எதை வாங்குவது? விடைகள் நெடுநாளாக இருந்தே வந்திருக்கின்றன. 1983 நவம்பரில் கிரைஸ்லர் நிறுவனம் சிறு வேன் ஒன்றை உற்பத்தி செய்யத் தொடங்கியது. அரசின் கடன் உத்தரவாதத்தால் பிழைத்த நிறுவனம் அது. காரைப் போலவே முன்சக்கர இழுவை. ஆகவே பின்னச்சுக்குச் செல்லும் நீண்ட சுழல்தண்டு தேவையில்லை. தளத்தைத் தாழ்த்திச் சமமாக அமைக்க முடிந்தது. சிறு குழந்தையும் தானே ஏறலாம். கதவு பக்கவாட்டில் நழுவித் திறப்பதால் நெருக்கமான இடத்திலும் இறங்கலாம். ஏழு பேர் உட்காரலாம். இயற்பியல் நோக்கில் பார்த்தால் குறை காண அரிதான குடும்ப வண்டி. ஆனால் ‘பிள்ளைகளை ஏற்றிச் செல்லும் அம்மாவின் வண்டி’ என்ற பெயர் அதற்கு ஒட்டிக்கொண்டது. அந்தப் பெயருக்கு அஞ்சியே பலர் உயர வண்டிக்கு மாறினார்கள். வண்டியின்மேல் ஒரு குற்றமும் இல்லை.

மற்றொரு விடை, பின்புறம் நீண்ட கார். வால்வோ நிறுவனம் இத்தகைய கார்களுக்குப் பெயர்பெற்றது. 1990களின் நடுவில் சுபாரு நிறுவனம் நான்கு சக்கர இழுவையுள்ள நீள்காரைச் சற்றே உயர்த்தி அவுட்பேக் என்று பெயரிட்டு விற்றது. தரையிலிருந்து அடிப்பாகம் சுமார் 20 சென்டிமீட்டர் உயரம். மண்சாலைக்கும் பனிக்கும் இது போதும். எஞ்சின் தாழ்வாகப் படுத்திருப்பதால் ஈர்ப்பு மையமும் தாழ்வு. இதே எண்ணத்தை அமெரிக்கன் மோட்டார்ஸ் நிறுவனம் 1979இலேயே ஈகிள் என்ற காரில் செய்து பார்த்தது. பாவம், காலத்துக்கு முந்திப் பிறந்துவிட்டது. 1994இல் டொயோட்டாவும் 1995இல் ஹோண்டாவும் கார் அடித்தளத்தின்மேல் உயர வண்டியின் உருவத்தைப் பொருத்திய சிறு வண்டிகளைக் கொண்டுவந்தன. 2023இல் உலகெங்கும் விற்ற கார்களில் ஏறக்குறைய பாதி இத்தகைய உயர உருவம் கொண்டவையே.

உருவத்துக்கு ஒரு விலை உண்டு. முகப்புப் பரப்பு 3 சதுர மீட்டரும் காற்றுத்தடைக் கெழு 0.5உம் உள்ள பெட்டி வடிவ வண்டி, மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் காற்றைக் கிழித்துச் செல்லவே 19 கிலோவாட் செலவிடுகிறது. 2.2 சதுர மீட்டரும் 0.3 கெழுவும் உள்ள நீள்காருக்கு 8.5 கிலோவாட் போதும். வண்டிக்குள் இருக்கும் குடும்பம் ஒன்றுதான்.

வீட்டில் செய்து பார்க்க ஒரு சோதனை. பலகை ஒன்றின்மேல் ஒரு தீப்பெட்டியைப் படுக்கையாகவும் இன்னொன்றை நிமிர்த்தியும் வையுங்கள். நழுவாமலிருக்கக் கீழ்ப்பக்கம் மெல்லிய அட்டைத்துண்டு ஒன்றை ஒட்டித் தடுப்பு வையுங்கள். பலகையின் ஒரு முனையை மெல்ல உயர்த்தி, ஒவ்வொன்றும் எந்தக் கோணத்தில் கவிழ்கிறது என்று பாகைமானியால் அளந்து, மேலே சொன்ன நிலைப்பு எண்ணோடு ஒப்பிடுங்கள். அந்தக் கோணத்தின் டேன்ஜெண்ட்தான் அந்த எண்.

ஒரு கணக்கும் தருகிறேன். மூடப்பட்ட ஹம்மரின் பெயரை 2020இல் மீண்டும் எடுத்து, மின்கலத்தால் ஓடும் வண்டிக்குச் சூட்டியிருக்கிறார்கள். மின்கலம் தரைத்தளத்திலேயே இருப்பதால் ஈர்ப்பு மையம் தாழ்ந்துவிட்டது. கவிழும் அச்சம் குறைவு. ஆனால் நிறை சுமார் 4,100 கிலோகிராம். அதே 1,100 கிலோகிராம் காரோடு, அதே 50 கி.மீ. வேகத்தில் நேருக்கு நேர் மோதினால், சிறிய காரில் இருப்பவரின் வேகம் எவ்வளவு மாறும்?